கத்தாத நோயாளிக்காகக் கத்த வேண்டும்!

ராமநாதபுரம் கடற்கரையில் முதல் வேலைக்குத் தயாராகும் நர்சு

இரவு மணி 10.

ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி. அவசர சிகிச்சைப் பிரிவின் வாசலில் அடுத்தடுத்து இரண்டு வண்டிகள் வந்து நிற்கின்றன என்று வைத்துக் கொள்வோம்.

முதல் வண்டியில் ஒரு வாலிபர். மீன் பிடிக்கப் போன இடத்தில் திருக்கை மீன் அவர் காலில் முள்ளால் குத்தி விட்டது. "ஐயோ! அம்மா! உயிர் போகிறதே!" என்று அலறுகிறார். கூட வந்த பத்துப் பேரும் அலறுகிறார்கள்.

இரண்டாவது வண்டி ஒரு ஆட்டோ. அதில் 45 வயது மீனவர் ஒருவர். அவருடன் மனைவி மட்டுமே வந்திருக்கிறார். உடம்பில் காயம் எதுவும் தெரியவில்லை. ரத்தம் இல்லை. அவர் மெல்லப் பேசுகிறார்.

"வலையைப் பிரிக்கும்போது கையில் என்னமோ சுருக்கென்றது. அப்போது வலி இல்லை. இப்போது உடம்பெல்லாம் வலிக்கிறது. வாயைத் திறக்க முடியவில்லை."

அந்தப் பிரிவில் அன்றுதான் வேலைக்குச் சேர்ந்த நர்சு ஒருத்தி நிற்கிறாள். அவள் முதலில் யாரிடம் போக வேண்டும்?

"அலறுகிறவரிடம்தான்!" என்று நீங்கள் சொல்வீர்கள். ஊரில் 100 பேரைக் கேட்டால் பெரும்பாலோர் அப்படித்தான் சொல்வார்கள்.

அது தவறு!

திருக்கை முள் காலில் குத்தினால் தாங்க முடியாத வலி இருக்கும். ஆனால் காலில் குத்திய முள்ளால் உயிர் போவது அபூர்வம். பொறுக்கக்கூடிய சூட்டில் உள்ள வெந்நீரில் காலை வைத்தால், ஒரு மணி, ஒன்றரை மணி நேரத்தில் வலி குறையும். பிறகு முள் துண்டு உள்ளே இருக்கிறதா என்று பார்த்து எடுப்பார்கள்.

ஆட்டோவில் வந்தவரைக் கடித்தது கடல் பாம்பாக இருக்கலாம். கடல் பாம்பு கடித்த இடத்தில் வலி அதிகம் இருக்காது. வீக்கமும் இருக்காது. அரை மணி நேரத்தில் இருந்து சில மணி நேரத்துக்குள் விஷம் வேலையைக் காட்டும். தசைகள் கரையும். தாடை இறுகும். சிறுநீர் கறுத்துப் போகும். கடைசியில் மூச்சு நின்று விடும்.

அலறுகிறவர் பிழைப்பார். அமைதியாக இருப்பவர்தான் ஆபத்தில் இருக்கிறார்!

அவசர சிகிச்சைப் பிரிவுக்கு முதல் முறையாக வேலைக்குப் போகும் பெண் படிக்க வேண்டிய முதல் பாடம் இதுதான்.

நெப்போலியன் காலத்துப் பாடம்

இந்தப் பாடம் புதியது அல்ல. 200 ஆண்டுகளுக்கு முன்பே ஒருவர் இதைச் சொன்னார்.

அவர் பெயர் டொமினிக் லாரே. பிரெஞ்சுச் சக்கரவர்த்தி நெப்போலியனின் படையில் அவர் அறுவை சிகிச்சை டாக்டர்.

அந்தக் காலத்தில் போர்க்களத்தில் தளபதிக்கு முதல் சிகிச்சை. சாதாரணச் சிப்பாய்க்குக் கடைசியில்தான் சிகிச்சை. லாரே அதை மாற்றினார். "யாருக்குக் காயம் மோசமோ அவருக்கு முதலில் சிகிச்சை. பதவியைப் பார்க்காதே" என்பது அவர் வகுத்த முறை. அடிபட்டவர்களைப் போர்க்களத்தில் இருந்து விரைவாகத் தூக்கி வர அவர் குதிரை வண்டிகளையும் ஏற்பாடு செய்தார்.

அந்த முறைதான் இன்று உலகம் முழுவதும் அவசர சிகிச்சைப் பிரிவுகளில் இருக்கிறது. தமிழ்நாட்டிலும் இருக்கிறது.

தமிழ்நாட்டு அரசு ஆஸ்பத்திரிகளில் இதை ஒழுங்குபடுத்த ஒரு திட்டம் வந்தது. "தமிழ்நாடு விபத்து மற்றும் அவசர சிகிச்சைத் திட்டம்" என்பது அதன் பெயர். ஆங்கிலப் பெயரின் முதல் எழுத்துகளைச் சேர்த்தால் "தாய்" என்று வரும். அதனால் எல்லோரும் "தாய் திட்டம்" என்றே சொல்கிறார்கள்.

இந்தத் திட்டத்தில் நோயாளிகளை மூன்று நிறங்களாகப் பிரிக்கிறார்கள்.

சிவப்பு: உயிருக்கு ஆபத்து. ஒரு நிமிடம்கூடக் காத்திருக்கக் கூடாது.

மஞ்சள்: ஆபத்து வரலாம். சீக்கிரம் பார்க்க வேண்டும். கண்காணித்துக் கொண்டே இருக்க வேண்டும்.

பச்சை: காத்திருக்கலாம்.

அலறும் வாலிபர் மஞ்சள் அல்லது பச்சை. பேச முடியாத மீனவர் சிவப்பு. வாசலில் நின்று இதைப் பிரிக்கும் வேலை பெரும்பாலும் நர்சின் கையில்தான் இருக்கிறது.

கண்ணால் பார்!

எப்படிப் பிரிப்பது? அதற்கு ஒரு வரிசை இருக்கிறது.

முதலில் மூச்சுப் பாதை. தொண்டையில் அடைப்பு இருக்கிறதா? நோயாளி பேசுகிறாரா? ஒருவர் உரக்கக் கத்துகிறார் என்றால் அவருடைய மூச்சுப் பாதை திறந்திருக்கிறது என்று அர்த்தம். கத்துவதுகூட ஒரு நல்ல அடையாளம்தான்!

இரண்டாவது மூச்சு. பெரியவர்கள் நிமிடத்துக்கு 12 முதல் 20 முறை மூச்சு விடுவார்கள். 30 முறை விட்டால் ஆபத்து. 8 முறை விட்டாலும் ஆபத்து.

மூன்றாவது ரத்த ஓட்டம். நாடி நிமிடத்துக்கு 60 முதல் 100 வரை இருக்க வேண்டும். கை ஜில்லென்று வியர்த்து, நாடி 130 என்று ஓடினால், உடம்புக்குள் எங்கோ ரத்தம் கசியலாம்.

நான்காவது நினைவு. கூப்பிட்டால் கண் திறக்கிறாரா? கேட்டதற்குச் சரியாகப் பதில் சொல்கிறாரா?

இந்த நான்கையும் பார்க்க ஒரு நிமிடம், இரண்டு நிமிடம் போதும். பெரிய கருவிகள் வேண்டாம். வினாடி முள் உள்ள ஒரு கடிகாரமும், இரண்டு கண்களும், ஒரு கையும் போதும்.

ஆனால் சுற்றிலும் 20 பேர் கூச்சல் போடும்போது அந்த ஒரு நிமிடத்தை நிதானமாகச் செலவிட வேண்டும். அதுதான் கஷ்டம்! அதற்குத்தான் பயிற்சி.

சத்தம் போடாத நோய்கள்

ராமநாதபுரம் கடற்கரையில் சத்தம் போடாத ஆபத்துகள் பல உண்டு. அவற்றை வேலைக்குப் போகும் முன்பே அவள் மனப்பாடம் செய்திருக்க வேண்டும்.

கட்டுவிரியன் ஒன்று. இரவில் வீட்டுக்குள் நுழைந்து, தரையில் படுத்திருப்பவரைக் கடிக்கும். கடித்தது பல நேரம் தெரியவே தெரியாது. பல்லின் தடம்கூடத் தெரியாமல் போகலாம். விடிந்ததும் அவர் "வயிற்றை வலிக்கிறது" என்பார். பிறகு இமைகள் தாமாகக் கீழே விழும். "தூக்கக் கலக்கம்" என்று வீட்டில் நினைப்பார்கள். அது தூக்கம் அல்ல, விஷம்! சற்று நேரத்தில் மூச்சுத் தசைகளும் செயல் இழக்கும்.

தண்ணீரில் மூழ்கியவர் இன்னொருவர். ராமேசுவரத்துக்குத் தீர்த்தமாட வருகிறார்கள். தனுஷ்கோடிக்கு அப்பால் அரிச்சல்முனையில் இரண்டு கடல்கள் சேரும் இடத்தில் நீரோட்டம் வேகமானது. அங்கே தண்ணீரில் மூழ்கி, காப்பாற்றப்பட்ட ஒருவர் எழுந்து உட்கார்ந்து பேசலாம். "எனக்கு ஒன்றும் இல்லை, ஊருக்குப் போகிறேன்" என்று சொல்லலாம். ஆனால் நுரையீரலுக்குள் தண்ணீர் போயிருந்தால், அடுத்த சில மணி நேரத்தில் மூச்சுத் திணறல் வரலாம். அதனால் இருமலோ மூச்சுத் தொல்லையோ இருந்தால் அவரைப் பல மணி நேரம் ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்க்க வேண்டும்.

சர்க்கரை நோயாளிக்கு வரும் மாரடைப்பு மூன்றாவது. மாரடைப்பு என்றால் நெஞ்சைப் பிடித்துக் கொண்டு சாய்வார்கள் என்று சினிமாவில் பார்த்திருக்கிறோம். சர்க்கரை நோய் பல ஆண்டுகளாக உள்ளவருக்கு நெஞ்சு வலி வராமலே மாரடைப்பு வரலாம். வியர்வை, களைப்பு, வாந்தி மட்டும் இருக்கும். "வாயுக் கோளாறு" என்று சோடா குடித்துவிட்டு வருவார். வந்த 10 நிமிடத்துக்குள் அவருக்கு இ.சி.ஜி. எடுக்க வேண்டும் என்பது மருத்துவ விதி.

நான்காவது சாலை விபத்து. கிழக்குக் கடற்கரைச் சாலையில் வேன் கவிழ்கிறது. தலையில் தோல் கிழிந்தவருக்கு ரத்தம் கொட்டும். பார்க்கப் பயமாக இருக்கும். பக்கத்தில் ஒருவர் வயிற்றைப் பிடித்தபடி பேசாமல் உட்கார்ந்திருப்பார். அவருக்கு மண்ணீரல் கிழிந்திருக்கலாம். ஒரு சொட்டு ரத்தம் வெளியே தெரியாது.

20 நிமிடப் பொறுமை

அவசர சிகிச்சை என்றால் ஓட்டம் மட்டும்தான் என்று நினைக்கக் கூடாது. பொறுமையும் வேண்டும்.

கண்ணாடி விரியன் கடித்தால் ரத்தம் உறையும் தன்மை போய்விடும். அதைக் கண்டுபிடிக்க ஒரு சோதனை உண்டு. விலை உயர்ந்த கருவி எதுவும் வேண்டாம்.

சுத்தமான, ஈரமில்லாத கண்ணாடிக் குழாய் ஒன்றை எடுக்க வேண்டும். நோயாளியின் ரத்தம் 2 மில்லி அதில் விட வேண்டும். ஆடாமல் அசையாமல் 20 நிமிடம் நிறுத்தி வைக்க வேண்டும். பிறகு குழாயைச் சாய்த்துப் பார்க்க வேண்டும். ரத்தம் கட்டியாக இருந்தால் சரி. தண்ணீர் போல ஓடினால் விஷம் ஏறியிருக்கிறது.

இடையில் குழாயை ஆட்டினால் சோதனை கெட்டுப்போகும். பிளாஸ்டிக் குழாய் உதவாது. சோப்புப் போட்டுக் கழுவிய குழாயும் உதவாது. இந்தச் சின்ன விஷயங்கள் புது நர்சுக்குத் தெரிந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் விஷம் ஏறாதவருக்கு மருந்து போகும், ஏறியவருக்குப் போகாது.

விஷமுறிவு மருந்து குப்பிகளில் பொடியாக வரும். முதலில் பொதுவாக 10 குப்பிகளைக் கரைத்து, பாட்டிலில் கலந்து, நரம்பு வழியாகச் சொட்டுச் சொட்டாக ஏற்றுவார்கள். அது குதிரையின் ரத்தத்தில் இருந்து எடுக்கப்படும் மருந்து. சிலருக்கு ஒத்துக்கொள்ளாது. உடம்பில் தடிப்பு வரும்; மூச்சு இரைக்கும்; ரத்த அழுத்தம் விழும். அதனால் மருந்து ஏறத் தொடங்கும்போது நர்சு கட்டிலை விட்டு நகரக் கூடாது. "அட்ரினலின்" ஊசி மருந்தைக் கைக்கு எட்டும் இடத்தில் தயாராக வைத்திருக்க வேண்டும்.

இந்த மருந்துக்கு வேண்டிய பாம்பு விஷம் பெரும்பாலும் தமிழ்நாட்டில் இருந்துதான் போகிறது என்பது பலருக்குத் தெரியாது. செங்கல்பட்டு மாவட்டம் வடநெம்மேலியில் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் இருக்கிறது. 1978-ல் தொடங்கிய சங்கம் அது.

ஆனால் இந்த மருந்து நான்கு பாம்புகளுக்குத்தான்: நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன். கடல் பாம்பு இதில் இல்லை! கடல் பாம்பு கடித்தவருக்கு மூச்சுக் கருவியும், சிறுநீரகத்தைக் காக்கும் சிகிச்சையும்தான் துணை. எனவே கடலோர ஆஸ்பத்திரியில் நேரம் தவறினால் மருந்தும் கை கொடுக்காது.

தூரம் என்னும் எதிரி

இங்கே தூரமும் ஓர் எதிரி.

ராமேசுவரத்தில் இருந்து ராமநாதபுரம் சுமார் 55 கிலோ மீட்டர். அங்கிருந்து மதுரை 110 கிலோ மீட்டருக்கு மேல்.

ஒரு காலத்தில் ராமேசுவரம் தீவில் இருந்து வெளியே வர ரெயில்தான் வழி. பாம்பன் ரெயில் பாலம் 1914-ல் திறக்கப்பட்டது. 1964 டிசம்பர் 22-ந் தேதி இரவு வீசிய புயலில் தனுஷ்கோடி அழிந்தது. பாம்பனில் இருந்து தனுஷ்கோடிக்குப் போன ரெயில் கடலில் மூழ்கியது. அதில் இருந்த நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் மாண்டனர். பாம்பன் பாலமும் சிதைந்தது. தீவு தனித்து நின்றது. பாலத்தைச் சீராக்க 46 நாட்கள் ஆயின.

சாலைப் பாலம் 1988-ல்தான் வந்தது. அதன் பிறகுதான் தீவில் இருந்து நோயாளியைக் காரில் ஏற்றிக்கொண்டு நேராக வர முடிந்தது. 2008 செப்டம்பரில் தமிழ்நாட்டில் "108" ஆம்புலன்ஸ் ஓடத் தொடங்கியது. 2022 ஜனவரி 12-ந் தேதி ராமநாதபுரம் உள்பட 11 அரசு மருத்துவக் கல்லூரிகள் தமிழ்நாட்டில் ஒரே நாளில் திறக்கப்பட்டன.

பாலம் வந்தது. வண்டி வந்தது. கல்லூரி வந்தது. ஆனாலும் நோயாளி வந்து சேரும்போது ஒரு மணி நேரம் கரைந்திருக்கும். மிச்சம் இருக்கும் நிமிடங்களை வாசலில் வீணாக்கக் கூடாது.

வேலைக்கு முந்தைய நாட்கள்

இப்போது அந்தப் பெண்ணிடம் வருவோம்.

அவள் பாம்பன் பக்கத்தில் ஒரு மீனவர் வீட்டுப் பெண்ணாக இருக்கலாம். பரமக்குடியில் நெசவாளர் வீட்டுப் பெண்ணாக இருக்கலாம். முதுகுளத்தூர் பக்கத்தில் விவசாயி வீட்டுப் பெண்ணாக இருக்கலாம். குடும்பத்தில் முதல் பட்டதாரியாகவும் இருக்கலாம்.

நர்சு ஆவதற்கு மூன்று ஆண்டு டிப்ளமோ படிப்பு உண்டு. நான்கு ஆண்டு பி.எஸ்சி. பட்டப் படிப்பும் உண்டு. படித்து முடித்ததும் தமிழ்நாடு நர்சுகள் மற்றும் தாதிகள் கவுன்சிலில் பெயரைப் பதிவு செய்ய வேண்டும். இந்தக் கவுன்சிலுக்கான சட்டம் 1926-ல் வந்தது. அவசர சிகிச்சையிலேயே தேர்ச்சி பெற விரும்புகிறவர்களுக்கு ஓராண்டு மேல் படிப்பும் இருக்கிறது.

சான்றிதழ் கைக்கு வந்துவிட்டது. வேலை உத்தரவும் வந்துவிட்டது. அதன் பிறகு என்ன தயாரிப்பு?

முதல் தயாரிப்பு, இடத்தைத் தெரிந்து கொள்வது. ஆக்சிஜன் எங்கே? சளி உறிஞ்சும் கருவி எங்கே? "ஆம்பு பேக்" என்னும் மூச்சுப் பை எங்கே? இதயத்துக்கு மின் அதிர்ச்சி தரும் கருவி எங்கே? இருட்டில் கை நீட்டினாலும் எடுக்கத் தெரிய வேண்டும்.

அவசர மருந்துத் தள்ளு வண்டியை "எமர்ஜென்சி டிராலி" என்பார்கள். ஒவ்வொரு முறை வேலைக்கு வந்ததும் அதைத் திறந்து பார்க்க வேண்டும். மருந்து இருக்கிறதா, தேதி முடிந்துவிட்டதா, தொண்டையைப் பார்க்கும் கருவியில் விளக்கு எரிகிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். உயிர் ஊசலாடும்போது விளக்கு எரியாவிட்டால் யாரைக் குற்றம் சொல்வது?

இரண்டாவது தயாரிப்பு, கை. இதயம் நின்றவருக்கு நடு மார்பில் நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்த வேண்டும். 5 முதல் 6 சென்டி மீட்டர் ஆழம் அழுத்த வேண்டும். 30 முறை அழுத்தியதும் 2 முறை மூச்சுக் கொடுக்க வேண்டும். இரண்டு நிமிடம் அழுத்தினால் வாலிபருக்கே கை சோர்ந்துவிடும். எனவே ஆள் மாற்றி ஆள் செய்ய வேண்டும். தண்ணீரில் மூழ்கியவருக்கு மூச்சுத்தான் முதலில் தேவை. அவருக்கு மூச்சுக் கொடுத்துவிட்டு அழுத்தத் தொடங்க வேண்டும். இதை எல்லாம் பொம்மையை வைத்துப் பல முறை பழக வேண்டும். படித்தால் மட்டும் வராது. நீச்சலைப் புத்தகத்தில் படிக்க முடியுமா?

மூன்றாவது தயாரிப்பு, கணக்கு. ஊசி மருந்தின் அளவைக் கணக்கிடத் தெரிய வேண்டும். குழந்தைக்கு எடையைப் பார்த்து அளவு. ஒரு புள்ளி இடம் மாறினால் மருந்து 10 மடங்கு ஆகிவிடும். டாக்டர் வாயால் சொல்லும் மருந்தை நர்சு திரும்ப உரக்கச் சொல்ல வேண்டும். "ஆமாம்" என்று டாக்டர் சொன்ன பிறகுதான் ஊசி போட வேண்டும்.

நான்காவது தயாரிப்பு, மொழி. ராமேசுவரத்துக்கு வட நாட்டில் இருந்து யாத்திரிகர்கள் வருகிறார்கள். "கஹான் தர்த் ஹை?" என்றால் "எங்கே வலிக்கிறது?" என்று அர்த்தம். இப்படி ஒரு பத்து வாக்கியம் தெரிந்திருந்தால் போதும். வலியில் துடிப்பவருக்குத் தன் மொழியில் ஒரு சொல் கேட்டாலே பாதி தைரியம் வந்துவிடும்.

அவள் குரல் உயர வேண்டும்

ஐந்தாவது தயாரிப்புதான் எல்லாவற்றையும்விடக் கடினமானது.

நம் வீடுகளில் பெண் பிள்ளையை எப்படி வளர்க்கிறோம்? "மெதுவாகப் பேசு. பெரியவர்கள் முன்னால் குரலை உயர்த்தாதே" என்று சொல்லி வளர்க்கிறோம். 22 வயதில் அவள் வேலைக்குப் போகிறாள். அங்கே அனுபவம் உள்ள டாக்டர்கள் இருக்கிறார்கள். மூத்த சிஸ்டர்கள் இருக்கிறார்கள். எல்லோரும் அலறுகிற நோயாளியைச் சுற்றி நிற்கிறார்கள்.

மூலையில் ஆட்டோவில் வந்த மீனவர். அவருடைய இமைகள் சொக்குவதை அவள் பார்த்துவிட்டாள்.

அவள் என்ன செய்ய வேண்டும்? "நாம் புதுசு, நமக்கு ஏன் வம்பு?" என்று ஒதுங்கி நின்றால் ஓர் உயிர் போய்விடும்.

"டாக்டர்! இவரை உடனே பாருங்கள். மூச்சு 10-தான் இருக்கிறது. இமை விழுகிறது. கடல் பாம்பாக இருக்கலாம்" என்று அவள் உரக்கச் சொல்ல வேண்டும். ஒரு முறை சொல்லிக் கேட்காவிட்டால் மறுபடியும் சொல்ல வேண்டும்.

"என்னமோ போல் இருக்கிறார், சார்" என்று இழுத்தால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். எண்ணைச் சொல்ல வேண்டும். பார்த்ததைச் சொல்ல வேண்டும். என்ன வேண்டும் என்பதையும் சொல்ல வேண்டும்.

கத்த முடியாத நோயாளிக்காக அவள்தான் கத்த வேண்டும்! வேறு யார் இருக்கிறார்கள் அவருக்கு?

இதைக் கண்ணாடி முன் நின்று பழகலாம். தோழியிடம் சொல்லிப் பழகலாம். தொண்டையில் இருந்து அந்தக் குரல் வெளியே வர வேண்டும்.

வீடும் தயாராக வேண்டும்

பெண் மட்டும் தயாரானால் போதாது. வீடும் தயாராக வேண்டும்.

இரவு வேலை உண்டு. "ராத்திரியில் பெண் பிள்ளை தனியாகவா?" என்று தாய்க்குக் கவலை வரும். அது நியாயம்தான். எந்தப் பஸ்சில் போவாள், யாருடன் திரும்புவாள், தங்கும் இடம் எது என்பதை முன்கூட்டியே பேசி முடிவு செய்துவிட வேண்டும். இரவு வேலை முடித்து வந்தவளைப் பகலில் தூங்க விட வேண்டும். "பொழுது விடிந்து எவ்வளவு நேரம் ஆச்சு, இன்னும் என்ன தூக்கம்?" என்று எழுப்பக் கூடாது. தூக்கம் கெட்டால் ஊசி மருந்தின் கணக்குக் கெடும்.

சம்பளம் பற்றியும் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டும். அரசு வேலைக்கு ஆள் எடுக்க 2012-ல் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் அமைக்கப்பட்டது. அதன் வழியாகத் தேர்வு எழுதி வந்த நர்சுகள் பலர் தொகுப்பூதியத்தில்தான் வேலையைத் தொடங்கினார்கள். நிரந்தரம் ஆகப் பல ஆண்டுகள் காத்திருந்தார்கள். 2017 நவம்பரில் சென்னை டி.எம்.எஸ். வளாகத்தில் ஆயிரக்கணக்கான நர்சுகள் கூடிப் போராட்டம் நடத்தினார்கள். எனவே, "அரசு வேலை கிடைத்துவிட்டது, உடனே கடன் வாங்கி வீடு கட்டலாம்" என்று குடும்பத்தார் அவசரப்படாமல் இருப்பது நல்லது.

இன்னொன்றும் இருக்கிறது. ஒரு நாள் அவள் கண் முன்னால் ஒருவர் இறந்து போவார். எல்லாவற்றையும் சரியாகச் செய்தும் இறந்து போவார். அன்று வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் படுத்துக்கொள்வாள். "என்ன ஆச்சு, என்ன ஆச்சு?" என்று துருவாதீர்கள். "இதற்குத்தான் இந்த வேலை வேண்டாம் என்றேன்" என்றும் சொல்லாதீர்கள். பக்கத்தில் உட்காருங்கள். ஒரு டம்ளர் காப்பி கொடுங்கள். அவளாகப் பேசுவாள்.

நாம் செய்ய வேண்டியது

வாசகர்களே, நாமும் சில விஷயங்களைத் தெரிந்து கொண்டால் அவளுடைய வேலை எளிதாகும்.

பாம்பு கடித்தால் கத்தியால் கீறாதீர்கள். வாயால் உறிஞ்சாதீர்கள். கயிற்றால் இறுக்கிக் கட்டாதீர்கள். பாம்பைத் தேடி அடிக்க நேரத்தைச் செலவிடாதீர்கள். கடிபட்டவரை நடக்க விடாமல், கை காலை ஆட்டாமல், உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு வாருங்கள்.

நர்சு கேட்கும் கேள்விக்கு உண்மையைச் சொல்லுங்கள். பூச்சி மருந்து குடித்தவரை "வாந்தி பேதி" என்று சொல்லிக் கொண்டு வருவது உண்டு. மானத்துக்குப் பயந்து மறைத்தால் உயிர் போய்விடும்.

சாலையில் அடிபட்டுக் கிடப்பவரைக் கண்டால் "போலீசு கேசு" என்று பயந்து ஒதுங்காதீர்கள். உதவி செய்தவரைத் துன்புறுத்தக் கூடாது என்பதை 2016-ல் சுப்ரீம் கோர்ட்டு உறுதி செய்தது. தமிழ்நாட்டில் 2021 டிசம்பர் 18-ந் தேதி "இன்னுயிர் காப்போம்" திட்டம் தொடங்கியது. விபத்து நடந்த முதல் 48 மணி நேரத்துக்கு அரசு செலவில் சிகிச்சை தரும் திட்டம் அது. வெளி மாநிலத்தாருக்கும் அது உண்டு.

கடைசியாக ஒன்று.

என்றாவது ஒரு நாள் உங்கள் வீட்டுப் பிள்ளையைத் தூக்கிக் கொண்டு நீங்கள் அந்த வாசலுக்குப் போகலாம். பிள்ளை வலியில் அலறிக் கொண்டிருக்கும். நர்சு ஒரு நிமிடம் பார்ப்பாள். நாடியைப் பிடிப்பாள். "கொஞ்சம் இருங்கள்" என்று சொல்லிவிட்டு, உங்களுக்குப் பிறகு வந்த ஒரு கிழவரிடம் ஓடுவாள்.

உங்களுக்குக் கோபம் வரும். சண்டை போடத் தோன்றும்.

அப்போது அந்தக் கிழவரைத் திரும்பிப் பாருங்கள். அவர் சத்தம் போடாமல் இருப்பார்.

அவள் உங்கள் பிள்ளையை ஒதுக்கிவிடவில்லை. பிள்ளை பிழைத்துக்கொள்ளும் என்று பார்த்துத் தெரிந்துகொண்டுதான் போகிறாள். அவள் நிற்கச் சொன்ன இடத்தில் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு நில்லுங்கள். பிள்ளையின் பேச்சு திடீரென்று குறைந்தால் மட்டும் உடனே கூப்பிடுங்கள்.

அவள் ஓடி வருவாள்.